செலவுக் கணக்கும் செல்வாக்கும்

சில்லறை வர்த்தகத்தில் அந்நிய நேரடி முதலீட்டை எதிர்க்கும் தீர்மானம் மக்களவையில் தோற்று ஒரு வாரம்கூட ஆகவில்லை. 2012 டிசம்பர் இரண்டாம் வாரத்தில் நாடாளுமன்றம் ஒரு தொகையின் பெயரால் நிலைகுலைந்தது. வால்மார்ட் நிறுவனம் 2008 முதல் ஏறத்தாழ இரண்டரைக் கோடி டாலரை, அன்றைய மதிப்பில் 125 கோடி ரூபாயை, லாபி வேலைக்குச் செலவிட்டிருக்கிறது என்றும், இந்தியச் சந்தைக்குள் நுழைவது அதன் நோக்கங்களுள் ஒன்று என்றும் செய்தி வந்தது. 125 கோடி யார் கைக்குப் போயிற்று என்று எதிர்க்கட்சிகள் முழங்கின. அரசு பணிந்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் ஒருநபர் குழு அமைந்தது. 2013-இல் அக்குழு அறிக்கையும் தந்தது. முடிவாகச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

கேள்வி நியாயமானதே. ஆனால் அந்தக் கேள்விக்கு ஆதாரமாக நின்ற தொகையை எவரும் சரியாகப் படிக்கவில்லை. ஒரு நிறுவனத்தின் அரசியல் செல்வாக்கை அது செலவிடும் பணத்தால் அளந்துவிடலாம் என்ற எண்ணம் நம் பொதுவாழ்வில் ஊறிப்போன ஒன்று. அந்த எண்ணம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை வால்மார்ட் விவகாரத்தைக் கொண்டே ஆராயலாம்.

அத்தொகை ரகசியமாகக் கசிந்ததன்று. அமெரிக்காவின் 1995-ஆம் ஆண்டு லாபி வெளிப்படுத்தல் சட்டத்தின்படி அந்நிறுவனமே அந்நாட்டு நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கலாகும் எல்.டி.-2 என்னும் அப்படிவம் யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கக்கூடியது. செலவுக்கென்று அதில் ஒரே ஒரு கட்டம். அருகிலுள்ள பத்தாயிரம் டாலருக்கு முழுமையாக்கப்பட்ட ஒற்றை எண் அதில் இருக்கும். அதன்கீழ் வரி, தொழிலாளர், வெளிநாட்டு வணிகம் எனப் பொருள்வாரியாகக் குறியீடுகள். ஒவ்வொன்றிலும் எந்த மசோதா, எந்த விவகாரம் என்ற குறிப்பு. வேலை பார்த்த லாபியர்களின் பெயர்கள். அணுகப்பட்டது யார் என்ற இடத்தில் செனட், பிரதிநிதிகள் சபை, இன்ன துறை என்று எழுதினால் போதும். எந்த உறுப்பினரை, எந்த நாளில், என்ன கேட்டுச் சந்தித்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. எந்த விவகாரத்துக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டவும் வேண்டியதில்லை.

2012 செப்டம்பரில் முடிந்த காலாண்டுக்கு வால்மார்ட் காட்டிய செலவு பதினாறரை லட்சம் டாலர். அதில் ஐம்பது அளவிலான விவகாரங்கள் அடங்கியிருந்தன. இந்திய முதலீடு அவற்றுள் ஒரு வரி. பணம் செலவானது வாஷிங்டனில், அமெரிக்க உறுப்பினர்களையும் துறைகளையும் தன் பக்கம் இழுப்பதற்கு. 125 கோடியில் இந்தியாவின் பங்கு எவ்வளவு என்று அந்தப் படிவத்தைக் கொண்டு உலகில் எவராலும் சொல்ல முடியாது. நம் அவைகளில் அம்முழுத் தொகையும் இந்தியாவின் தலையில் எழுதப்பட்டது.

மக்களவையில் அரசு 253-க்கு 218 என்ற கணக்கில் வென்றது எப்படி என்று பார்த்தால், டாலரைத் தேட வேண்டிய தேவையே எழவில்லை. முதலீட்டை எதிர்த்துப் பேசிய சமாஜ்வாதியும் பகுஜன் சமாஜும் வாக்கெடுப்பின்போது வெளிநடப்புச் செய்தன; இரண்டுக்குமாக 43 உறுப்பினர்கள். அம்முடிவைத் தமக்கும் ஏற்பில்லை என்று அறிவித்த தி.மு.க., பா.ஜ.க. ஆட்சிக்கு வர இடம் தரக்கூடாது என்று சொல்லி அரசுக்கு வாக்களித்தது. ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்குகள் எல்.டி.-2 படிவத்தில் வருபவையல்ல.

விளைவையும் பார்க்க வேண்டும். 2013 அக்டோபரில் வால்மார்ட்டும் அதன் இந்தியக் கூட்டாளியான பார்தி நிறுவனமும் பிரிந்தன. தன் பெயர்ப் பலகையின்கீழ் இந்திய நுகர்வோருக்கு நேரடியாக விற்கும் சில்லறைக் கடை ஒன்றையும் வால்மார்ட் திறக்கவில்லை. 2018-இல் 1,600 கோடி டாலர் கொடுத்து ஃபிளிப்கார்ட்டின் 77 விழுக்காட்டை வாங்கி, வேறு வழியாக நம் வீடுகளுக்குள் வந்தது. அத்தனை கூச்சலுக்குக் காரணமான செலவு, எந்தக் கதவைத் திறக்கச் செய்யப்பட்டது என்றார்களோ அந்தக் கதவு திறக்கவேயில்லை.

இதோடு நின்றால் வால்மார்ட்டுக்கு நற்சான்று வழங்கியதாக முடியும். 2019 ஜூனில் அந்நிறுவனம் அமெரிக்க நீதித் துறையுடனும் பங்குச் சந்தை ஆணையத்துடனும் சமரசம் செய்து 28 கோடி டாலருக்கு மேல் செலுத்தியது. மெக்சிகோ, பிரேசில், சீனா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் ஊழலைத் தடுக்கத் தவறியது குற்றம். இந்தியாவில் கடைகளுக்கான அனுமதிகளும் உரிமங்களும் பெற இடைத்தரகர்கள் வழியாக அதிகாரிகளுக்கு முறையற்ற பணம் சென்றது என்று அமெரிக்க அதிகாரிகள் பதிவு செய்தனர். அந்தப் பணம் கூட்டு நிறுவனத்தின் பேரேட்டில் 'இதர கட்டணம்', 'தொழில்முறைக் கட்டணம்', 'சில்லறைச் செலவு', 'அரசுக் கட்டணம்' என்ற தலைப்புகளில் அமர்ந்திருந்தது. நாடாளுமன்றம் எந்தத் தொகையைக் காட்டிக் கொதித்ததோ அது சட்டப்படி வெளியிடப்பட்ட தொகை. கொதித்திருக்க வேண்டிய தொகை எவரும் பார்க்காத ஏட்டில் வேறு பெயரில் கிடந்தது. வெளியே தெரியும் எண்ணைப் பிடித்துக்கொண்டு செல்வாக்கை அளக்கப் புறப்பட்டால் நேர்வது இதுதான்.

அமெரிக்காவுக்கே இந்தச் சிக்கல் தீர்ந்தபாடில்லை. ஒரு வாடிக்கையாளருக்காக உழைக்கும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவாக லாபி செய்பவர் அவ்வாடிக்கையாளர் சார்பில் பதிவு செய்ய வேண்டியதில்லை. செனட் பெரும்பான்மைத் தலைவராக இருந்த டாம் டேஷல் 2004-இல் தோற்றபின், பெரிய சட்ட நிறுவனங்களில் 'கொள்கை ஆலோசகர்' என்ற பெயரில் பல ஆண்டுகள் இருந்து, 2016-இல்தான் லாபியராகப் பதிவு செய்துகொண்டார். யாரிடம் எப்போது பேச வேண்டும், எதைச் சொன்னால் எடுபடும் என்று கற்பிப்பது மட்டும் சட்டத்தின் கண்ணில் ஒருவரை லாபியர் ஆக்காது. அந்த ஆலோசனைக்குத்தான் சந்தையில் விலை அதிகம்.

பணம் யாருடையது என்பதும் மறைந்துவிடும். 2009-இல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தம் நாடாளுமன்றத்தில் இருந்தபோது, காப்பீட்டு நிறுவனங்களின் சங்கம் அரசுடன் ஒத்துழைப்பதாக வெளிப்படையாக அறிவித்தது. அதே ஆண்டில் அமெரிக்க வர்த்தக சபைக்கு 8 கோடியே 62 லட்சம் டாலரை அனுப்பியது. அச்சபை அதைக் கொண்டு சீர்திருத்தத்தை எதிர்த்து விளம்பரம் செய்தது. வருமான வரித் தாள்களிலிருந்து இது வெளிவந்தபோது 2010 நவம்பர் ஆகிவிட்டது. சட்டம் நிறைவேறி எட்டு மாதம் கடந்திருந்தது. அந்தக் காலத்துச் செலவுப் பட்டியலை மட்டும் பார்த்தவர், வர்த்தக சபையைப் பெரும் எதிரி என்றும் காப்பீட்டுச் சங்கத்தை நடுநிலையாளர் என்றும் எழுதியிருப்பார். அவர் மீது குறை சொல்லவும் முடியாது.

கணக்குகள் அனைத்தும் நேர்மையாக, முழுமையாக வெளிவருவதாகவே கொள்வோம். அப்போதும் செலவு செல்வாக்குக்கு அளவுகோல் ஆகாது என்பதே நம் கருத்து. ஊரில் சொல்லுக்கு மதிப்புள்ள பெரிய மனிதர் பஞ்சாயத்தில் குரல் உயர்த்துவதில்லை. அவர் முகம் சுளிப்பாரே என்று எண்ணி, வழக்கை எடுக்காமலே கலைந்துவிடுவார்கள். அரசியலிலும் பெரிய செல்வாக்கு எடுக்கப்படாத மசோதாவில் இருக்கிறது. அதற்கு ஆன செலவு பூஜ்ஜியம்.

அமெரிக்காவின் தேசிய ரைபிள் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். மத்திய அரசிடம் லாபி செய்ய 2010-களில் அது காட்டிய செலவு பெரும்பாலும் ஆண்டுக்கு 30 முதல் 50 லட்சம் டாலர். வர்த்தக சபையின் செலவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டபின், துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சோதிக்கும் விதியைப் பத்தில் ஒன்பது அமெரிக்கர் ஆதரிப்பதாகக் கருத்துக் கணிப்புகள் காட்டின. 2013 ஏப்ரல் 17 அன்று செனட்டில் அந்த விதிக்குக் கிடைத்தவை 54 வாக்குகள். தேவைப்பட்டவை 60. அச்சங்கத்தின் பலம் ஒவ்வொரு வேட்பாளருக்கும் அது தரும் மதிப்பெண்ணிலும், இந்த ஒரே விவகாரத்துக்காக வாக்குச்சாவடிக்கு வரும் உறுப்பினர்களிடமும் இருந்தது. அவர்கள் எந்தச் செலவுத் தலைப்பிலும் வருவதில்லை.

மறுபக்கம், பணம் வெள்ளமாய்ப் பாய்ந்தும் தோற்றவர்கள் உண்டு. ஈரானுடன் 2015-இல் ஒபாமா செய்த அணுசக்தி உடன்பாட்டை முறியடிக்க, அமெரிக்க இஸ்ரேல் பொது விவகாரக் குழு தனி அமைப்பையே தொடங்கி இரண்டு கோடி டாலருக்கு மேல் விளம்பரத்தில் இறக்கியதாக அப்போதைய செய்திகள் கூறின. அக்குழு கேட்டது நடக்காமல் போவது அரிது என்பது வாஷிங்டனின் நெடுநாள் நம்பிக்கை. செப்டம்பரில் செனட்டில் எதிர்ப்புத் தீர்மானத்துக்குக் கிடைத்தவை 58 வாக்குகளே; 60-ஐ எட்டாததால் உடன்பாடு தப்பியது. அக்குழு தன் வரலாற்றில் மிகுதியாகச் செலவிட்ட தருணங்களுள் ஒன்று, அதன் சொல் தானாகச் செல்லாமற்போன தருணமாகவும் இருந்தது. செலவு ஏறும்போது வலிமை ஏறுகிறது என்று கொள்வதைவிட, அச்சம் ஏறுகிறது என்று கொள்வது பல இடங்களில் பொருந்தும்.

ஃபிராங்க் பாம்கார்ட்னரும் உடன் நால்வரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதை விரிவாகக் காட்டியது. 98 கொள்கை விவகாரங்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த அவர்கள், இரு தரப்புகளின் வளங்களுக்கும் முடிவுக்கும் இடையே கண்ட தொடர்பு மிக மெலிது. பெரும்பாலானவற்றில் நிலைமை இருந்தபடியே இருந்தது. இதைக் கேட்டுச் சிலர், பணத்துக்கு ஆற்றலே இல்லை என்ற முடிவுக்குத் தாவுகிறார்கள். இருந்தபடியே இருப்பது யாருக்கு ஆதாயம் என்ற கேள்வியை அவர்கள் கேட்பதில்லை. இன்றைய சட்டங்களிலேயே நேற்றைய செல்வம் குடியிருக்கிறது. அதைக் காக்கப் புதுச் செலவு அதிகம் தேவைப்படாது.

மருந்து நிறுவனங்களின் கதையில் பணம் பாய்ந்தும் தோற்பதும், இருந்ததை இருந்தபடியே காத்துக்கொள்வதும் கலந்து நிற்கின்றன. முதியோருக்கான மெடிகேர் திட்டத்தில் மருந்துகளைச் சேர்த்த 2003-ஆம் ஆண்டுச் சட்டம், நிறுவனங்களுடன் விலை பேச அரசுக்கே தடை விதித்தது. அச்சட்டத்தை உருவாக்குவதில் முன்னின்ற அமெரிக்க நாடாளுமன்றக் குழுத் தலைவர் பில்லி டாசின், 2005 ஜனவரியில் மருந்து நிறுவனங்களின் சங்கத்துக்குத் தலைவரானார். 2022 ஆகஸ்டில் பைடன் கையெழுத்திட்ட சட்டம் அத்தடையைத் தகர்த்தது. அவ்வாண்டில் அத்துறை வேறெந்தத் துறையும் தொடாத அளவுக்கு, 35 கோடி டாலருக்கும் மேல் லாபிக்குச் செலவிட்டிருந்தது. இது தோல்வியா? ஏறத்தாழ 19 ஆண்டுகள் தடை நீடித்தது. புதிய சட்டமும் முதலில் பத்து மருந்துகளுக்கே. அவற்றின் விலையும் 2026-இல்தான் நடைமுறைக்கு வர விதிக்கப்பட்டது. தோற்றவர் தோல்வியைக் குறுக்கிக்கொண்டார் என்றும் சொல்லலாம். 35 கோடி என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டையும் வாதிடலாம். அவ்வாறு இரு பக்கமும் வளையும் சான்றைச் சான்றென்று எப்படி ஏற்பது?

பணம் உண்மையிலேயே கனி தரும் இடம் வேறு. வெளிநாட்டில் குவித்த லாபத்தைத் தாயகம் கொண்டுவரும் அமெரிக்க நிறுவனங்களுக்கு, 2004-இல் ஒரு சட்டத்தின் உட்பிரிவு 35 விழுக்காட்டு வரியை ஓராண்டுக்கு மட்டும் 5.25 ஆக்கியது. கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் மூன்று ஆய்வாளர்கள் 93 நிறுவனங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தனர். லாபிக்கு ஒரு டாலர் போட்டவருக்கு 220 டாலர் வரி மிச்சமானது. தெருவில் எவரும் பேசாத உட்பிரிவு, எதிர்த்து நிற்க ஆளில்லாத விவகாரம், வரைவுத் தாளில் இரண்டு வரி மாற்றம். செலவு சிறிதாகவும் செல்வாக்கு பெரிதாகவும் இருப்பது இத்தகைய இடங்களில்தான். தொகையின் வரிசைப்படி பட்டியலிட்டு, உச்சியிலிருந்து படித்துவருபவர் இவற்றைக் கண்டடைவதே இல்லை.

நம் நாட்டில் லாபியைப் பற்றிச் சட்டமும் இல்லை, படிவமும் இல்லை. கட்சிகளுக்கு நிறுவனங்கள் தரும் நன்கொடையே கணக்கின் ஒரே சாளரம். 2017-இல் நிறுவன நன்கொடைக்கான 7.5 விழுக்காட்டு உச்சவரம்பு நீக்கப்பட்டு, மறு ஆண்டு தேர்தல் பத்திரங்கள் வந்தபின் அச்சாளரமும் அடைபட்டது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அத்திட்டத்தைச் செல்லாது என்று தீர்த்து, விவரங்களை வெளியிட ஆணையிட்டது. அது நன்று, அத்தீர்ப்பு வாக்காளரின் அறியும் உரிமையை நிலைநாட்டியது. விவரங்கள் வந்ததும் நாடு முழுவதும் தொகைகளை எண்ணத் தொடங்கினோம். எண்ணியதில் கிடைத்தது என்ன?

பத்திரங்களை மிகுதியாக வாங்கியது கோவையைச் சேர்ந்த லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங், 1,368 கோடி ரூபாய்க்கு. அதனிடமிருந்து 509 கோடி பெற்றதாகத் தி.மு.க. தேர்தல் ஆணையத்திடம் தெரிவித்திருந்தது. கொடுத்தவர் பெயரைத் தானே முன்வந்து சொன்ன மிகச் சில கட்சிகளுள் அது ஒன்று என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். மேற்கு வங்கத்தில் அந்நாளில் ஆண்ட திரிணமூல் காங்கிரசுக்கும் அதே நிறுவனம் 500 கோடிக்கு மேல் தந்தது. கொடுத்தவர் ஒருவர், தொகையும் ஏறக்குறைய ஒன்று. மேற்கு வங்கத்தில் லாட்டரி விற்பனை நடக்கிறது. தமிழகத்தில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. பத்திரங்கள் நடப்பிலிருந்த ஆண்டுகளில் ஒரு நாளும் அது தளரவில்லை. இரண்டு தொகைகளை மட்டும் வைத்துக்கொண்டு, எந்த மாநிலத்தில் லாட்டரி இருக்கும் என்று ஒருவரால் சொல்ல முடியுமா? கொடுத்தவர் எதையும் எதிர்பார்க்கவில்லை என்று நாம் வாதிடவில்லை. எதை எதிர்பார்த்தார், எதைப் பெற்றார் என்பது தொகையில் எழுதப்பட்டிருக்கவில்லை என்கிறோம். அதை அறிய, அவ்வாண்டுகளின் அரசாணைகளையும் வரி விதிப்பையும் விசாரணைகளின் போக்கையும் தேதி வாரியாக வைத்துப் பார்க்க வேண்டும். அவ்வேலை பட்டியல் போடுவதைவிடக் கடினம் என்பதால்தான் பட்டியலோடு நின்றுவிடுகிறோம்.

அயர்லாந்து 2015-இல் கொண்டுவந்த லாபி ஒழுங்குமுறைச் சட்டம் இவ்வகையில் கவனிக்கத்தக்கது. அந்நாட்டுப் பதிவேடு எவ்வளவு செலவிட்டாய் என்று கேட்பதே இல்லை. நான்கு மாதங்களுக்கு ஒருமுறை, எந்த அமைச்சரை அல்லது அதிகாரியை அணுகினாய், எதைப் பற்றி, எந்த வழியில், என்ன முடிவை நாடி என்று கேட்கிறது. 'என்ன முடிவை நாடி' என்ற அந்த ஒரு கட்டம், எத்தனை கோடி டாலர் கணக்கைக் காட்டிலும் குடிமகனுக்குப் பயன்படும்; நாடியதையும் நடந்ததையும் அவர் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஐரோப்பிய ஆணையமும் 2014 டிசம்பர் முதல் தன் ஆணையர்களும் உயர் அதிகாரிகளும் யார் யாரைச் சந்தித்தார்கள் என்று வெளியிட்டு வருகிறது.

இந்தியாவுக்கு ஒரு லாபிச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை வால்மார்ட் காலத்திலிருந்தே உண்டு. அது வருமானால், செலவுக் கட்டத்தை முதன்மையாக வைத்து அமெரிக்கப் படிவத்தைப் பிரதி எடுப்பதாக இருக்கக் கூடாது. புதுச் சட்டத்துக்குக் காத்திராமலே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. மத்திய அரசின் மசோதாக்களை முப்பது நாளேனும் பொதுவில் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தை இணையத்தில் வெளியிட வேண்டும் என்று 2014-இல் மத்திய அரசே வகுத்த கொள்கை இருக்கிறது. அதை அமைச்சகங்கள் தம் விருப்பம்போல் கைக்கொள்கின்றன. 2024 ஜூலையில் ஒலிபரப்புச் சேவைகள் மசோதாவின் திருத்திய வரைவு பொதுமக்களுக்குத் தரப்படவில்லை. தேர்ந்தெடுத்த சிலருக்கு, எந்தப் பிரதி வெளியே கசிந்தாலும் யாருடையது என்று கண்டுபிடிக்கும்படி தனித்தனி அடையாளமிட்டுக் கொடுக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. எதிர்ப்பு வலுத்தபின் ஆகஸ்டில் அமைச்சகம் பின்வாங்கி, புதிய வரைவு வரும் என்றது. அந்தப் பிரதி யார் யார் கைக்குப் போனது என்ற பட்டியல், அத்துறை நிறுவனங்கள் ஓராண்டில் செலவிடும் தொகை அனைத்தையும் விடச் செல்வாக்கைப் பற்றி அதிகம் சொல்லும்.

தரவுப் பாதுகாப்பு மசோதாவின் 2022 வரைவுக்குக் கருத்துக் கேட்டபோது, வரும் கருத்துகள் நம்பிக்கையின் பேரில் பெறப்படுகின்றன, வெளியிடப்பட மாட்டா என்று மின்னணு அமைச்சகம் அறிவிப்பிலேயே எழுதியது. அம்மசோதா 2023-இல் சட்டமாயிற்று. வரைவுக்கும் சட்டத்துக்கும் இடையே மாறிய பிரிவுகளை யாரும் படிக்கலாம். அவற்றை மாற்றச் சொன்னவர் யார் என்பதை மட்டும் படிக்க முடியாது. அக்கருத்துகளை, அனுப்பியவர் பெயருடன், அமைச்சகம் வெளியிட வேண்டும். இதற்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதலோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. அமைச்சரின் ஓர் ஆணை போதும்.